எத்தனை நாள் காயம்?

இரத்தம் என்றாலே எனக்குக் கைகால் உதறும். அப்படிப்பட்டவளை, லுணுகலையில் வேறு வீடே கிடைக்காத மாதிரி, அந்த அக்காவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குடிவைத்தது என் தலையெழுத்து. குடிபோன புதிதில், தேங்காய் துருவும்போது துருவலை என் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் ஓடிவந்தார். பழந்துணி தேடுவார் என்று பார்த்தால், என் கையைப் பிடித்துச் சன்னலுக்கு இழுத்துப்போய், வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“அசைக்காதீங்க டீச்சர். பல்லு பல்லா எப்படிக் கிழிச்சிருக்கு பாருங்க! கத்தி இப்படி வெட்டவே வெட்டாது.”

சொன்னதோடு நிற்காமல் ஃபோனில் படமும் எடுத்துக்கொண்டார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு பெண் இருப்பாளா என்று அதிர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்தேன். பிறகுதான் காயத்தைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். ஆஸ்பத்திரியில்கூட அத்தனை பக்குவமாகக் கட்டமாட்டார்கள். மறுநாள் காலை வந்து கட்டை அவிழ்த்து மறுபடி படம் எடுத்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். காயம் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, வெள்ளைக் கோடாகும்வரை என்னை விடவில்லை.

காயம் செய்வதுதான் அவருடைய தொழில். கொழும்பில் சில வருடம் தொலைக்காட்சி நாடகங்களுக்கு வெட்டு, குத்து, தீப்புண் எல்லாம் செய்து கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஊருக்கு வந்தவர், அம்மா தவறிய பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே பெட்டிதான். மேல்தட்டில் பெண்ணுக்குப் போடும் பவுடர், கீழ்த்தட்டில் கிழிந்த உதடு. ஒரு மணப்பெண் தெரியாமல் கீழ்த்தட்டைத் திறந்துவிட்டு முகூர்த்தத்துக்கு முன்பே மயங்கி விழுந்த கதையை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்வார்.

ஒருநாள் அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் தயிர் எடுக்கப் போனேன். தயிர்ச் சட்டிக்கு மேலே ஒரு காது இருந்தது. பாதி அறுந்த காது. நான் சட்டியைப் போட்டுவிட்டு அலறினேன்.

“ஐயையோ, காது விழுந்துருச்சா?” என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தார். தயிரைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

எல்லாக் காயத்தையும் முதலில் களிமண்ணில்தான் செதுக்குவார். அதன்மேல் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி அச்செடுத்து, அச்சுக்குள் ரப்பர் பாலை ஊற்றிக் காயவிட்டு உரித்தால் தோல் மாதிரி வரும். அதை ஆளின் உடம்பில் ஒட்டி, நிறம் தீட்டுவார். ரப்பர் பால் மொனராகலைப் பக்கத்திலிருந்து கேனில் வரும். அது கெட்டுப்போகாமலிருக்க ஏதோ மருந்து கலந்திருப்பார்கள். மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். அந்த வாடை அவருடைய கையைவிட்டுப் போனதே இல்லை. கல்யாண வீட்டுக்குப் போகும்போது எலுமிச்சம் பழத்தை அரக்கித் தேய்ப்பார். அப்படியும் போகாது.

களிமண் விஷயத்தில் மட்டும் அவரோடு யாரும் வாதாட முடியாது. புதுக் காயத்துக்கு மெழுகு மண் வேண்டும் என்பார். மெழுகுவர்த்தியும் வாசலினும் பவுடரும் போட்டு அடுப்பில் காய்ச்சி அவரே செய்வது. எவ்வளவு நேரமானாலும் காயாது, வெட்டின் விளிம்பு வெட்டினபடியே நிற்கும். காய்ந்த காயத்துக்கு அது ஆகாது. பொருக்குத் தட்டிய புண்ணென்றால் ஆற்றுமண்ணில் புற்றுமண் கலந்து, வெயிலில் வைத்துத் தானாக வெடிக்க விடவேண்டும். “நாம கீறுனா அது கீறல். அதுவா வெடிச்சாத்தான் பொருக்கு” என்பார். பசறைக்குப் போகும் வழியில் செங்கல் சூளையைக் கண்டால் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார். மண்ணைக் கிள்ளிப் புழுவாக உருட்டி விரலில் சுற்றிப் பார்ப்பார். வெடிக்காவிட்டால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டு முன்பல்லால் கடிப்பார். நறநறவென்றால் துப்பிவிட்டு, “இது கல்லுல விழுந்த முட்டிக்கு ஆகும்” என்று ஒரு பையில் போட்டுக்கொள்வார். சூளைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கூட நிற்கிற எனக்குத்தான் மானம் போகும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யாரிடமாவது நிஜக் காயத்தைக் கண்டுவிட்டால்தான் வினை. பதுளையிலிருந்து வருகிற பேருந்தில் ஒருமுறை எதிரே நின்றவரின் கெண்டைக்காலில் நீளமாக ஒரு வெட்டு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர் குனிந்தே விட்டார்.

“அண்ணே, இது எத்தனை நாளு காயம்?”

அந்த மனிதர் அடிப்பார் என்றே நினைத்தேன். அவரோ சாரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, தேயிலையைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி வழுக்கியதிலிருந்து தொடங்கி, தையல் பிரித்ததுவரை சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கும்போது, “போயிட்டு வாறேன் தங்கச்சி” என்று இவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

எத்தனை நாள் காயம்? அவர் வாயில் எப்போதும் நிற்கிற கேள்வி இதுதான். நாடகக்காரர்கள் தொலைபேசியில் “ஒரு வெட்டுக் காயம் வேணும்” என்றாலும் இதைத்தான் கேட்பார். வெட்டின உடனே ஒரு நிறம், மறுநாள் வீக்கம், மூன்றாம் நாள் ஓரத்தில் மஞ்சள். வயது தெரியாமல் காயம் செய்யமாட்டேன் என்று சொல்லி, கிடைத்த வேலையையே விட்டிருக்கிறார். “வயசு இல்லாத காயம் சும்மா சிவப்புச் சாயம் டீச்சர்” என்பார்.

நான் அப்போது பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளையும் சின்னதுகளையும் விட்டுவிட்டுப் போகிற இடம். அக்கா சில நாள் மிச்சக் களிமண்ணைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பார். அவர் வந்தால் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “காயக்கா வாடை! காயக்கா வாடை!” என்று கூத்தடிப்பார்கள். அந்தப் பெயரை வைத்தது நிதுஷா என்று நினைக்கிறேன். நாலு வயதுக்காரி. அப்பா கொழும்பில் கடையில் வேலை. அம்மா சரோஜாவின் முந்தானையை விட்டு நகராத பிள்ளை.

அந்த வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் தோட்டத்தில் மண்சரிவு ஒத்திகை வைத்தார்கள். சைரன் அடிக்கும், ஆட்கள் மைதானத்துக்கு ஓட வேண்டும், காயப்பட்டவர்களாக நடிப்பவர்கள் சொன்ன இடத்தில் விழுந்து கிடக்க, தூக்குக் கட்டிலோடு வருகிறவர்கள் அவர்களைக் காப்பாற்ற வேண்டும். நடிக்கப்போகிறவர்களுக்குக் காயம் வைக்க அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒத்திகையை நடத்த வந்த உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்.

“தங்கச்சி, சும்மா கொஞ்சம் சிவப்புப் பூசிவிட்டாக் காணும். ஆக்களுக்கு விளங்கினாச் சரி” என்றார்.

“சார், மண்ணு சரிஞ்சு எவ்வளவு நேரத்துக்கப்புறம் தூக்க வர்றீங்க?”

“ஒரு அரை மணித்தியாலம் எண்டு வையுங்கோவன்.”

“அப்ப இரத்தம் ஓரத்துல கறுத்திருக்கணும். உள்ளுக்கு மண்ணு ஏறியிருக்கணும்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “இவ என்ன கதைக்கிறா?” என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல?

நடிக்க வந்த பெண்களில் சரோஜாவும் ஒருத்தி. அவளுக்கு நெற்றி பிளந்த காயம். ஒரு பக்கப் புருவம் பிய்ந்து கண்மேல் தொங்கிற்று. வைத்து முடித்ததும் கண்ணாடியில் பார்த்து அவளே “அம்மாடியோ!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் விழுந்து கிடக்க வேண்டும் என்று ஏற்பாடு.

சைரன் அடித்தது. எல்லோரும் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், ஒன்றைத் தவிர. மலையில் நிற்கிற தாய்க்கு, நேரங்கெட்ட நேரத்தில் ஒரு சத்தம் கேட்டால் கால் எந்தப் பக்கம் போகும்? மைதானமாவது மடுவமாவது! விழுந்து கிடக்க வேண்டியவர்கள் உட்பட அத்தனை பெண்களும் பிள்ளைக்காம்பராவை நோக்கி ஓடிவந்தார்கள். ஒத்திகை என்று தலைக்குத் தெரிந்திருந்தது. காலுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் உள்ளே பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். கதவு படாரென்று திறந்தது. முறிந்த எலும்பு வெளியே தெரிகிற கையோடு ஒருத்தி, கன்னம் கிழிந்து பல் தெரிய ஒருத்தி, அவர்களை முந்திக்கொண்டு நெற்றி பிளந்த சரோஜா. “என் புள்ள எங்க? என் புள்ள எங்க?” என்ற கூச்சல். பொய்க்காயம் என்று எனக்குத் தெரியும்; காலையில் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஆனாலும் சோற்றுச் சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பிள்ளைகள் எழுப்பிய ஓலம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நிதுஷா தொட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். சரோஜாவுக்கு அப்போதுதான் தன் கோலம் உறைத்தது. “அடி தங்கம், இது பொய்யிடி! இங்க பாரு!” என்று சொல்லிக்கொண்டே நெற்றியில் நகத்தைக் கொடுத்துப் பிய்த்தாள். தோல், புருவம், இரத்தம் எல்லாமாக ஒரே துண்டாகக் கையோடு வந்தது. நிதுஷாவின் அழுகை சட்டென்று நின்றது. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அன்றிலிருந்து பிள்ளை அம்மாவிடம் போகவில்லை. சரோஜா வாசலில் வந்தாலே என் பின்னால் ஒளிவாள். தூக்கப் போனால் உடம்பு விறைத்துவிடும். அதே லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான அத்தையின் காம்பராவில்தான் படுத்தாள், அத்தை கையால்தான் சாப்பிட்டாள். கோயிலில் திருநீறு போட்டார்கள், கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சரோஜா உருக்குலைந்துபோனாள்.

“பெத்த புள்ள என்னையப் பேயைப் பாக்குற மாதிரி பாக்குது டீச்சர். நான் இருந்து என்னத்துக்கு?” என்று என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

தோட்டத்துச் சனம் அக்காவைத்தான் ஏசிற்று. ஏசினால் ஏசட்டும் என்று, சரோஜா அழுததைக் கேள்விப்பட்ட மறுநாளே அவர் வந்தார். பிள்ளைகள் கண்ணில் படாமல் பின்னறையில் நின்றுகொண்டு, நிதுஷாவிடம் ஒன்று கேட்கச் சொன்னார். நான் நிதுஷாவை மடியில் வைத்து, அம்மாவிடம் ஏன் போகமாட்டாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

“அது அம்மா இல்ல.”

“அப்ப அம்மா எங்க?”

“அம்மாவுக்கு நெத்தியில காயம். இவங்களுக்குக் காயம் இல்ல. இவங்க வேற ஆளு.”

அடிபட்டு ஓடிவந்தாளே, அவள்தான் பிள்ளைக்கு அம்மா. அந்த முகத்தைப் பிய்த்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தவள் யாரோ. காயம்பட்ட அம்மா எங்கேயோ போய்விட்டாள். இந்தப் பிள்ளை அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

பின்னறைக்குப் போனபோது அக்கா சுவரில் தலையைச் சாய்த்து நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறது.

“அரை மணி நேரத்துக் காயம் வச்சேன் டீச்சர். அது ஒரே நிமிசத்துல போயிருச்சு. அப்படி எந்தக் காயம் போகும்? பிள்ளைக்கு விளங்குது, நமக்குத்தான் விளங்கல. திருப்பி வைக்கணும்.”

“எதை?”

“காயத்த. வச்சு, ஆத்தணும்.”

நான் கத்திவிட்டேன். உங்களுக்குக் கிறுக்கா பிடித்திருக்கிறது, பட்டது போதாதா, அந்தப் பிள்ளை செத்தே போகும் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் சரோஜாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் யோசிக்கக்கூட இல்லை. “வைங்கக்கா. என் புள்ள வருமின்னா நெசமாவே வெட்டி வைங்க” என்றாள்.

மாலையில் செதுக்கி, அச்செடுத்து, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு முன்னால் என் பின்னறையில் வைத்து ஒட்டுவார். முதல் நாள் மெழுகு மண்ணில் செதுக்கிய காயம். பிளந்த நெற்றியைச் சேர்த்துத் தைத்திருந்தது, சுற்றிலும் வீக்கம். நாள் முழுக்க அதோடுதான் சரோஜா கொழுந்து பறித்தாள். கங்காணி பதறிப்போய் மருந்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அங்கே மருந்து கொடுக்கிறவர் எட்டிப் பார்த்து, நல்ல தையல், யார் போட்டது என்று கேட்டாராம்.

அன்று மாலை நிதுஷா முதல்முறையாக ஒளியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் நெற்றியையே உற்றுப் பார்த்தாள். கிட்டே வரவில்லை. ஆனால் பார்த்தாள். அதுவே எங்களுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

அக்கா என் கட்டைவிரலின் படங்களையெல்லாம் ஃபோனில் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தார். என் விரல் எப்படி ஆறியதோ அப்படியே சரோஜாவின் நெற்றியும் ஆறிற்று. வீக்கம் வற்றியது. ஓரத்தில் மஞ்சள் இறங்கியது. ஒருநாள் தையலும் பிரித்தாயிற்று. பொருக்குக்கு ஆற்றுமண்ணும் புற்றுமண்ணும் கலந்து பிசைந்தவர், மழை மூட்டத்தில் அது வெடிக்காததால் அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சோறு தண்ணி இல்லை. அந்த மனுஷி அழுது நான் கண்டதில்லை. அன்று மண் வெடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொருக்கு வைத்த அன்று நிதுஷா தூணை விட்டு வந்தாள். எட்ட நின்று, “வலிக்குதா?” என்று கேட்டாள். சரோஜா குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டினாள். பிள்ளை இன்னும் ஓரடி கிட்டே வந்து, எக்கி, உதட்டைக் குவித்து நெற்றியில் ஊதினாள். அதோடு மறுபடி அத்தையிடம் ஓடிவிட்டாள். மறுநாளும் வந்து ஊதினாள். அதற்கடுத்த நாள் ஊதிவிட்டு, விரலால் தொட்டுப் பார்த்தாள்.

கடைசியாக மெல்லிய, இளஞ்சிவப்புக் கோடு ஒன்று மட்டும். அதைப் பார்த்த அன்று நிதுஷா ஒன்றும் பேசாமல் நேரே போய் அம்மா மடியில் ஏறி உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சரோஜா போட்ட அழுகையில் லயமே கூடிவிட்டது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு பின்னறைக்கு ஓடினேன். அக்கா கதவிடுக்கில் பார்த்தபடி நின்றார். கோட்டையும் எடுத்துவிட்ட பிறகு சரோஜாவின் நெற்றி பளிச்சென்று இருந்தது. பிள்ளை அதைத் தடவிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஒரு நாலு வயதுப் பிள்ளையை எத்தனை அழகாக ஏமாற்றிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அக்கா திரும்பக் கொழும்புக்குப் போவதென்று முடிவெடுத்து, சொல்லிக்கொண்டு போக ஒருநாள் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் வழக்கம்போல மிச்ச மண். நிதுஷா கண்டுவிட்டாள். பயந்து ஒளிவாள் என்று நான் எழுந்தேன். அவளோ ஓடிவந்து அக்காவுக்கு முன்னால் நின்று, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கையை நீட்டினாள்.

“எனக்கும் ஒண்ணு வைங்க.”

“என்னது தங்கம்?”

“காயம். அம்மாவுக்கு வச்சீங்கல்ல.”

அக்காவின் முகத்தில் சொட்டு இரத்தம் இல்லை. “நான் வச்சேனா? யாரு சொன்னா?” என்று கேட்டார்.

“ஊதுனேன்ல, அப்ப காயக்கா வாடை அடிச்சுச்சு. அம்மா நெத்தியில.”

ஊதிய முதல் நாளே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் எத்தனை நாள் அந்தப் பிள்ளை வந்து நின்று ஊதியது, தொட்டுப் பார்த்தது, திரும்பி அத்தையிடம் போய்ப் படுத்தது! என்னால் தாங்க முடியவில்லை. அவளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

“பொய்க்காயமின்னு தெரியுமில்ல? அப்பறம் ஏன்டி அன்னைக்கே அம்மாகிட்டப் போகல?”

நிதுஷா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இதுகூடவா உங்களுக்கு விளங்கவில்லை என்கிற பார்வை.

“அப்ப ஆறலையே டீச்சர்.”

சொல்லிவிட்டு மறுபடி அக்காவிடம் கையை நீட்டினாள். அக்கா குனிந்து பெட்டியின் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் மாற்றி மாற்றித் திறந்து களிமண்ணைத் தேடிக்கொண்டே இருந்தார். மண் அவர் இடது கையில்தான் இருந்தது. அன்று அவர் எத்தனை நாள் காயம் என்று கேட்கவில்லை. அவள்தான் சொன்னாள்.

“ஆறுன காயமா வைங்க.”